தண்ணீரும் தோம்பும்

ஒல்லாந்தர் காலத்துக் கொழும்புப் பகுதி ஊர்களில் ஞானஸ்நானப் பதிவை வைத்திருந்தவர் போதகர் அல்ல, பள்ளிக்கூடத்து வாத்தியார். பள்ளியும் கோவிலும் பெரும்பாலும் ஒரே கட்டடமாக இருந்த காலம் அது. எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்தத் தேதியில் அதன் தலையில் தண்ணீர் விழுந்தது, வளர்ந்தபின் அது யாரைக் கலியாணம் முடித்தது எல்லாம் தோம்பு என்ற அவருடைய பதிவேட்டில் ஏறின. போதகர் ஊர் ஊராகச் சுற்றி வருபவர். பல ஊர்கள் அவரை வருடத்துக்கு ஒரு தடவைதான் கண்டன. அவர் வருகிற அன்றைக்கு, முந்தின தடவைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளையெல்லாம் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். தோம்பில் பெயர் இல்லாத பிள்ளைக்குத் தகப்பனின் காணியில் உரிமை கேட்பது கஷ்டம். கலியாணம் பதிவாகாது. அரசாங்க உத்தியோகத்தை நினைத்தும் பார்க்க முடியாது.

நான் பிரசவ வாட்டில் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி. பிறந்தது கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதிப் பக்கம். கலியாணத்துக்குப் பிறகு மாளிகாவத்தைத் தொடர்மாடிக்கு வந்தேன். கெத்தாராமை விளையாட்டரங்கின் இரவு வெளிச்சம் எங்கள் குசினி வரைக்கும் வரும். என் வேலைக்காலத்தில் இரண்டு வகை ஞானஸ்நானத்தைக் கண்டிருக்கிறேன். ஒன்று, மூச்சு அடங்கப்போகிற பிள்ளைக்குத் தாய் கேட்டு அந்த இடத்திலேயே கொடுப்பது. மற்றது, பள்ளிக்கூடத்தில் இடம் எடுக்கச் சான்றிதழ் வேண்டுமென்று நாலைந்து வயதில் ஓடி ஓடிச் செய்வது. இரண்டிலும் தண்ணீர் ஒன்றுதான், வார்த்தையும் ஒன்றுதான். முதலாவது இந்த நகரத்தில் யாருடைய கையால் உயிரோடு இருந்தது, இரண்டாவதன் வேர் எங்கே இருக்கிறது என்பதை எங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் முன்னோர் தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்தவர்கள். அங்கே பரவர், கொழும்பில் பரதர் என்பார்கள். அந்தக் கரையில் கிறிஸ்தவம் பிரசங்கத்தால் தொடங்கவில்லை, பயத்தில் தொடங்கியது. 1530களில் முத்துக்குளிப்பு உரிமையைப் பற்றிப் பரவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் கடும் மோதல். போர்த்துக்கேயரின் காவலைக் கேட்கலாம் என்று ஜோவாம் தா குரூஸ் என்ற குதிரை வியாபாரி சொன்ன யோசனையைக் கேட்டு, பரவரின் தலைவர்களான பட்டங்கட்டிமார் கொச்சிக்குத் தூது போனார்கள். 1535க்கும் 1537க்கும் இடையில் குருக்கள் வந்து கிராமம் கிராமமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். 20,000 பேர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எதற்காகத் தலையைக் குனிந்தோம் என்பது அந்த மக்களில் அநேகருக்கு விளங்கியிருக்காது. காவல் கிடைத்தது. குருக்கள் திரும்பிப் போனார்கள். விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

பிரான்சிஸ் சவேரியார் 1542இல் அங்கே வந்தபோது அவருக்குக் கிடைத்தது இந்த நிலைதான். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு அதன் பொருள் தெரியவில்லை. மணியை ஆட்டிக்கொண்டு தெருவில் நடந்து, பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் எழுதுவித்த செபங்களை மனப்பாடம் பண்ணுவித்தார். தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கை ஓய்ந்துபோனதை அவரே 1544இல் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அந்தக் கடிதத்தை எடுத்து மேடையில் பேசுகிறவர்கள் ஓய்ந்த கையைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் செய்த வேறொரு ஏற்பாடு. தான் அடுத்த ஊருக்குப் போய்விட்டால் பிறக்கிற பிள்ளை என்ன ஆகும் என்று யோசித்து, ஒவ்வொரு கிராமத்திலும் எழுத்து வாசனை உள்ள ஒருவரைக் கணக்கப்பிள்ளையாக நியமித்தார். செபம் சொல்லிக்கொடுப்பதும், சாவாபத்தில் உள்ள பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர் பொறுப்பு. குருப்பட்டம் இல்லாத, மீன் வாடை வீசும் ஒரு கையில் சவேரியார் அந்தத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் கரையின் விசுவாசம் நிலைத்ததற்கு அந்தக் கைதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

இலங்கையில் அதே காலத்தில் நடந்தவை இரண்டு. மன்னாரில் இருந்தவர்கள் சவேரியாரிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அவர் தனக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பினார். மன்னார் அப்போது யாழ்ப்பாண அரசின் கீழ் இருந்தது. 1544இல் சங்கிலி மன்னனின் படை வந்து, ஞானஸ்நானம் பெற்றவர்களில் ஏறக்குறைய 600 பேரை வெட்டிப்போட்டது. தோட்டவெளியில் இன்றும் மக்கள் அவர்களை நினைத்துக் கூடுகிறார்கள். இன்னொன்று கோட்டை இராச்சியத்தில். 1557இல் தர்மபால அரசன் தொன் ஜோவாம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றான். போர்த்துக்கேயர் அதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடினார்கள். சொந்தக் குடிகளோ அவனை விட்டு விலகினார்கள். 1580இல் தன் அரசையே போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதிக்கொடுத்தான். மன்னாரில் அரசனின் வாளுக்கு முன்னால் நின்றது ஒரு ஞானஸ்நானம். கோட்டையில் அரசியலோடு சேர்ந்து கையெழுத்தானது இன்னொரு ஞானஸ்நானம். இரண்டையும் ஒரே பாடத்தில் சேர்த்துப் படிப்பிக்கிற புத்தகங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

1656இல் கொழும்பு ஒல்லாந்தர் கைக்குப் போனது. இரண்டு வருடத்தில் யாழ்ப்பாணமும் போனது. கத்தோலிக்கக் குருவை வீட்டில் வைத்திருப்பவருக்கு மரண தண்டனை என்று 1658இல் கட்டளை வந்தது. குருக்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு, கோவாவிலிருந்து யோசப் வாஸ் சுவாமி 1687இல் கூலியாள் வேஷத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும் வரைக்கும், கிட்டத்தட்ட 30 வருடம் இந்தத் தீவில் கத்தோலிக்கருக்குக் குரு கிடையாது.

அந்த 30 வருடத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு யார் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்? பிரசவ வாட்டில் நின்ற எனக்கு இந்தக் கேள்வி சும்மா சரித்திரக் கேள்வியாக இருந்ததில்லை. பலருக்கு ஒல்லாந்தப் போதகர் கொடுத்தார், தோம்பில் எழுதப்பட்டது. போதகர் வருவதற்கு முன் சாகக் கிடந்த பிள்ளைகளுக்கு கோவில் மூப்பர், செபம் சொல்லிக்கொடுக்கும் அண்ணாவியார், வீட்டு மருத்துவிச்சி, சில நேரம் பிள்ளையின் பாட்டி கொடுத்தார்கள். திருச்சபையின் போதனை இதற்கு இடம் கொடுக்கிறது. இயல்பான தண்ணீரும், பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவப் பெயரும், திருச்சபை செய்வதையே செய்கிறேன் என்ற எண்ணமும் இருந்தால், அவசரத்தில் யார் கொடுத்தாலும் அது செல்லும். ஆண், பெண் வித்தியாசம் இல்லை. கொடுக்கிறவர் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 1439இல் புளோரன்ஸ் சங்கம் இதைத் தெளிவாக எழுதி வைத்தது. 1614இல் வந்த உரோமைச் சடங்கு நூல், பங்குக் குருமார் மருத்துவிச்சிமாருக்கு இதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டது.

என் பாட்டி கொட்டாஞ்சேனையில் மருத்துவம் பார்த்தவர். பிள்ளைப்பேற்றுக்குப் போகும்போது மூட்டையில் நூல், கத்தரிக்கோல், சீலைத் துண்டு, ஒரு சின்னப் பித்தளைச் செம்பு இருக்கும். செம்பு எதற்கு என்று கேட்டால் சொல்லமாட்டார். நான் தாதிப் பயிற்சிக்குப் போகிற கிழமையில்தான் சொன்னார். பங்குச் சுவாமி அவரைக் கூப்பிட்டு வார்த்தைகளை வாயால் சொல்லவைத்துப் பிழை திருத்தி அனுப்பியிருக்கிறார். “பிள்ளை அழுதா எனக்கு வேலை இல்ல. அழாட்டித்தான் செம்பை எடுப்பன்” என்றார்.

போதகர் கொடுத்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கர் என்ன செய்தார்கள் என்பதும் சொல்லவேண்டிய விஷயம். வாஸ் சுவாமியும் அவருக்குப் பின் வந்த கோவா ஒரத்தோரிய சுவாமிமாரும் இரவில் வருவார்கள், விடிவதற்குள் போய்விடுவார்கள். ஏற்கெனவே தோம்பில் ஏறிய பிள்ளைகளை மக்கள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். போதகர் தண்ணீர் ஊற்றித் திரித்துவப் பெயரைச் சொல்லியிருந்தால் மறுபடி தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதுதான் சட்டம். விடுபட்ட எண்ணெய்ப் பூசுதலும் ஆசீரும் மட்டும்தான் கொடுக்கலாம். தன்னைப் பிடித்துச் சிறையில் போடத் தேடுகிறவனின் கையால் ஊற்றிய தண்ணீரும் செல்லும் என்று ஒப்புக்கொள்கிற சபை அது. இந்த ஒப்புதல் புதிதில்லை. 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான், பிரிந்துபோனவர்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, திரும்பக் கொடுக்க வேண்டும் என்றார். உரோமை ஆயர் ஸ்தேவான் வேண்டாம் என்றார். பிறகு அகுஸ்தீனார் அதற்கு நியாயத்தை எழுதினார்: கொடுப்பவன் யாராக இருந்தாலும் கொடுக்கிறவர் கிறிஸ்துதான். ஒருதரம் பெற்றது போதும். மேற்கில் அந்த முடிவுதான் நின்றது.

ஒல்லாந்தர் பக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அவர்களுடைய சீர்திருத்த சபையின் போதனைப்படி ஞானஸ்நானம் சபை கூடும் இடத்தில், வசனம் பிரசங்கிக்கப்படும்போது, போதகரால் கொடுக்கப்பட வேண்டியது. கிறிஸ்தவப் பெற்றோரின் பிள்ளை கடவுளின் உடன்படிக்கைக்குள் பிறக்கிறது. ஆகவே தண்ணீருக்கு முந்திச் செத்தாலும் அது கைவிடப்படாது என்றார்கள். செத்த பிள்ளையைக் கையில் வைத்திருக்கும் தாய்க்கு இது பெரிய ஆறுதல். எங்கள் சபை அந்த ஆறுதலுக்கு வந்து சேர நெடுங்காலம் எடுத்தது. 1723இல் கொழும்பில் பிறந்து போதகரான பிலிப்பு தெ மெல்லோ என்ற தமிழர் இந்தச் சபையில்தான் உழைத்தார். அவர் காலத்தில், 1759இல், புதிய ஏற்பாடு தமிழில் கொழும்பிலேயே அச்சேறியது. 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்த வுல்பெண்டால் தேவாலயம் இன்றும் நிற்கிறது. ஜம்பட்டா வீதியிலிருந்து அங்கே நடந்தே போகலாம். அதன் தடித்த சுவர்களுக்குள்ளே நின்றால் அந்தச் சபையின் கண்டிப்பும் ஒழுங்கும் விளங்கும்.

அவர்களுடைய போதனையில் குறை இல்லை, அதைக் காணி உறுதியோடு சேர்த்துக் கட்டியதுதான் குறை. புத்த சமயத்தவரும் சைவரும் காணிக்காகவும் உத்தியோகத்துக்காகவும் தண்ணீர் எடுத்தார்கள், வீட்டில் தங்கள் வழிபாட்டைத் தொடர்ந்தார்கள். அவர்களை நான் பொய்யர் என்று சொல்லமாட்டேன். பிள்ளைக்குத் தகப்பன் வழி நிலம் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்த பெற்றோர் அவர்கள். அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியது சட்டம். பிரித்தானியர் வந்து அந்தக் கட்டை அவிழ்த்தபோது தோம்புக் கிறிஸ்தவர் கூட்டம் கூட்டமாகக் கரைந்தார்கள். 1850இல் இலங்கைக் கிறிஸ்தவத்தைப் பற்றி நூல் எழுதிய எமர்சன் டென்னென்ட் இந்த நாட்டின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். அரசாங்கச் சார்பு உள்ளவரே இந்தச் சரிவை வருத்தத்தோடு பதிந்திருக்கிறார். அதே காலத்தில், தடை செய்யப்பட்டு, காணியும் பதவியும் தராத கத்தோலிக்க ஞானஸ்நானம் பெருகியிருந்தது. 1760இல் கொட்டாஞ்சேனையில் மண்ணும் ஓலையுமாக எழுந்த சிறு கோவில் இருந்த இடத்தில்தான் இன்று புனித லூசியாள் பேராலயம் நிற்கிறது. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலும் ஒளிந்து திரிந்த ஒரு குருவின் காலத்திலிருந்தே தன் கதையைத் தொடங்குகிறது. 1806இல் ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மேலிருந்த தடைகளை நீக்கினார். வாஸ் சுவாமி 1711இல் கண்டியில் இறந்தவர். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நானும் அந்தச் சனத்துக்குள் நின்றேன். 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது, உறவினரே விட்டுவிட்டு ஓடிய நோயாளிகளைக் கழுவித் துடைத்தவர் அவர். தாதி வேலை செய்தவளுக்கு அதைவிட வேறு அற்புதம் தேவையில்லை.

பிரித்தானியர் காலத்தில் சபைகள் பெருகின. 1812இல் பப்திஸ்து மிஷனைச் சேர்ந்த ஜேம்ஸ் சாட்டர் கொழும்புக்கு வந்தார். விசுவாசத்தை வாயால் சொல்லத் தெரிந்தவருக்கே, முழுக அமிழ்த்தி, என்பது அவர்கள் வழி. 1814இல் மெதடிஸ்தர் வந்தார்கள், 1816இல் புறக்கோட்டையில் கோவில் கட்டினார்கள். ஆளுநர் பிரவுன்றிக் காலத்தில் தமிழ் அங்கிலிக்கருக்காக ஜிந்துப்பிட்டி மேட்டில் புனித தோமையார் கோவில் எழுந்தது. வடக்கே அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பித்தது. பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயர்கள் பிள்ளைகளுக்கு வந்தன. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்ற அறிஞர்களின் பெயர்களில் அந்தச் சுவடு இன்றும் இருக்கிறது. கொழும்பில் பெரேரா, பெர்னாந்து, சில்வா என்ற பெயர்கள் அதைவிடப் பழைய போர்த்துக்கேய ஞானஸ்நானங்களின் சுவடு. பெயர் மாறியதில் எனக்கு மனக்குறை இல்லை. பிள்ளையை ஏந்தி நின்ற ஞானத் தகப்பனான தொட்டப்பாவின் பெயர் பிள்ளைக்கு வருவதில் அன்பும் இருக்கிறது. ஆனால் பெயரை மாற்றினால்தான் ஞானஸ்நானம் என்று திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு முரண்படாத பெயர் எதுவும் போதும்.

இனி வாட்டுக்கு வருகிறேன். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை. தாய் கொட்டாஞ்சேனைப் பெண். நடுச்சாமம் கடந்த நேரம். டொக்டர் செய்யக்கூடியதையெல்லாம் செய்து முடித்திருந்தார். தாய் என் கையைப் பிடித்தாள். “மிஸி, சுவாமி வரும்வரைக்கும் தாங்குமா?” தாங்காது என்று எனக்குத் தெரியும். ஊசிமருந்து கலக்கும் சுத்தத் தண்ணீர்க் குப்பியை உடைத்துச் சிரிஞ்சில் எடுத்தேன். குளிர் பட்டால் பிள்ளை அதிரும் என்று சிரிஞ்சை உள்ளங்கைக்குள் கொஞ்ச நேரம் பொத்திப் பிடித்தேன். பெயர் என்ன என்று தாயைக் கேட்டேன். யோசித்திருக்கவில்லை. “மரியா” என்றாள். கண்ணாடிப் பெட்டியின் துவாரத்துக்குள் கையை விட்டு, நெற்றித் தோலில் மூன்று முறை, துளி உருண்டு ஓடும்படி விட்டேன். வார்த்தையைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற தாதி பௌத்தப் பெண். அவள்தான் சாட்சி. துண்டில் நேரத்தை எழுதி அவளே கையெழுத்தும் போட்டுத் தந்தாள்.

உருண்டு ஓட வேண்டும் என்பது முக்கியம். ஞானஸ்நானம் என்றால் கழுவுதல். ஈரத் துணியால் தொட்டால் கழுவுதல் ஆகாது. கிறிஸ்தவத்தின் மிகப் பழைய கையேடான திதாக்கே ஓடும் நீரில் கொடுக்கச் சொல்கிறது, அது இல்லையென்றால் வேறு நீரில், குளிர்ந்த நீர் ஆகாவிட்டால் வெந்நீரில், அமிழ்த்தப் போதாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்றச் சொல்கிறது. ஆரம்பத்திலிருந்தே இளகிக்கொடுத்த சபை, தண்ணீர் என்ற ஒன்றில் மட்டும் இளகவில்லை. நோர்வேயில் தண்ணீர் கிடைக்காமல் பியரில் ஞானஸ்நானம் கொடுத்ததைப் பற்றிக் கேட்டபோது, அது செல்லாது என்று 1241இல் ஒன்பதாம் கிரகோரி பாப்பரசர் எழுதினார். வார்த்தையிலும் அப்படியே. கொடுக்கிறவர் ‘நான்’ என்று சொல்லாமல் ‘நாங்கள்’ என்று சொல்லிக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று 2020 ஆகஸ்ட்டில் வத்திக்கான் அறிவித்தது. தமிழில் மரியாதைக்காகக் ‘கொடுக்கிறோம்’ என்று சொல்லிப் பழகிய நாக்கு சறுக்கக்கூடிய இடம் இது. அதனால்தான் என் பாட்டியை அந்தச் சுவாமி வாயால் சொல்லவைத்துக் கேட்டிருக்கிறார்.

எங்கள் தொடர்மாடியில் பெரும்பாலானவர்கள் முஸ்லிம்கள். வாட்டிலும் அப்படித்தான். மாளிகாவத்தை, மருதானை, தெமட்டகொடைப் பெண்கள் நிறையப் பேர். அவர்களுடைய பிள்ளைகளும் என் கையில் இறந்திருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு நான் ஒருபோதும் தண்ணீர் ஊற்றியதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வேறு விதமாகப் படிப்பித்த காலமும் இருந்தது. சாகக் கிடக்கும் பிற சமயப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் அறியாமல் ஞானஸ்நானம் கொடுப்பதைப் புண்ணியமாக எண்ணிய மிஷன்கள் 19ஆம் நூற்றாண்டில் ஆசியா முழுவதும் இருந்தன. 1843இல் பிரான்சில் தொடங்கிய பாலர் சபை அதற்காகச் சிறுவர்களிடமிருந்தே காசு சேர்த்து அனுப்பியது. இத்தாலியில் பொலோஞா நகரத்து யூதக் குடும்பம் ஒன்றில் வேலைக்காரப் பெண் நோயாளிக் குழந்தைக்கு இரகசியமாகத் தண்ணீர் ஊற்றினாள். பிள்ளை பிழைத்தது. செய்தி வெளிவந்து 1858இல் பாப்பரசரின் பொலிஸ் வந்து ஆறு வயது எட்கார்தோ மொர்த்தாராவைத் தாய் தகப்பனிடமிருந்து பறித்துக்கொண்டு போனது. திருப்பிக் கொடுக்கவேயில்லை. இன்றைய திருச்சபைச் சட்டமும் சாவாபத்தில் பெற்றோரின் விருப்பமில்லாமல் கொடுக்கலாம் என்ற வழியை முழுவதும் மூடிவிடவில்லை. நான் அந்த வழியால் போகவில்லை, போகவும் மாட்டேன். மன்னார்க்காரர் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அங்கே தொடங்கிய ஞானஸ்நானம் வாளுக்கு முன்னாலும் நின்றது.

கீழ்மாடி ராத்தா ஒருதரம் என்னிடம் கேட்டார். “எங்கட புள்ளக்கி நாங்க காதுல பாங்கு சொல்றம். நீங்க தண்ணி ஊத்துறீங்க. அதுல என்ன இரிக்கி?” நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தண்ணீருக்குள் போவது கிறிஸ்துவோடு சாவது, வெளியே வருவது அவரோடு எழுவது. பவுல் உரோமையருக்கு எழுதியது அதைத்தான். பிள்ளை இந்த வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை, இனி ஒரு பெரிய குடும்பத்துக்கும் சொந்தம். ஒருதரம் அந்த உரிமை வந்தால் பிறகு யாரும் எடுத்துவிட முடியாது, அவன் கோவிலை விட்டுப் போனாலும் போகாது. ராத்தா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப விளையாட்டுக்குச் செய்ற காரியமில்ல” என்றார். சான்றிதழுக்காக வரும் பெற்றோருக்கு யாராவது இப்படிச் சொல்லியிருக்கிறார்களா என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் எடுக்காமல் இறந்த பிள்ளைகளைப் பற்றி எங்கள் பழைய பழக்கம் கொடுமையானது. கோவில் ஆசீர்வதித்த நிலத்தில் அவர்களை அடக்க மாட்டார்கள். விண்ணும் அல்லாத நரகமும் அல்லாத ஓரிடத்துக்கு அவர்கள் போவதாகச் சொல்லித் தாய்மாரைக் கலங்கடித்தார்கள். அது விசுவாசப் பிரமாணமாக ஒருநாளும் இருந்ததில்லை. 2007இல் வத்திக்கானின் அனைத்துலக இறையியல் ஆணைக்குழு, அந்தப் பிள்ளைகள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்று எழுதியது. இப்போது அவர்களுக்கும் அடக்கப் பூசை உண்டு. என் பாட்டி காலத்துத் தாய்மார் பலர் இதைக் கேட்காமலே கண்ணை மூடினார்கள். அந்தத் துக்கம் எனக்கு ஆறவில்லை.

நல்லதாக மாறியவையும் இருக்கின்றன. என் அம்மா எனக்கு ஞானஸ்நானம் நடந்ததைக் கண்ணால் காணவில்லை. பிறந்த சில நாளிலேயே தொட்டப்பாவும் தொட்டம்மாவும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா துடக்கோடு வீட்டில் படுத்திருந்தார். நாக்கில் உப்பு வைத்ததும், எச்சிலால் காதைத் தொட்டதும், இலத்தீன் செபங்களும் அவருக்குக் கேள்வி ஞானம்தான். 1969இல் குழந்தை ஞானஸ்நானச் சடங்கு புதிதாக்கப்பட்டபோது கேள்வி பெற்றோரிடமே வந்தது: பிள்ளைக்கு என்ன கேட்கிறீர்கள்? உப்பு போனது. தாய் வந்து நின்றாள். என் மகளின் ஞானஸ்நானத்தில் பாஸ்கா திரியிலிருந்து மெழுகுதிரியை ஏற்றிக்கொடுத்தது என் கணவர். பிள்ளையை ஏந்தி நின்றது நான்.

இப்போது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வேறொரு நெருக்குதல் இருக்கிறது. குழந்தையில் பெற்றது கணக்கில்லை, திரும்ப முழுகு என்று கூப்பிடும் சபைகள். கொழும்பில் 1920களிலேயே தொடங்கிய இலங்கைப் பெந்தெகொஸ்தே சபையிலிருந்து இன்று வாடகை மண்டபங்களில் கூடும் சபைகள் வரை இதைச் சொல்கின்றன. அவர்களுடைய பக்தியை நான் மதிக்கிறேன். வளர்ந்தவர் விசுவாசத்தை வாயால் சொல்லி முழுகுவது வேதத்தில் உள்ள வழி. பிலிப்பு எத்தியோப்பியனைத் தண்ணீருக்குள் இறக்கினார். ஆனால் பிலிப்பி நகரத்துச் சிறைக்காவலன் இரவோடு இரவாக வீட்டார் எல்லாரோடும் பெற்றானே. அந்த வீட்டாரில் தொட்டில் பிள்ளை இருந்திருந்தால் அதை மட்டும் வாசலில் விட்டிருப்பார்களா? ஞானஸ்நானம் நாங்கள் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு மட்டும் என்றால், வாக்கு வலுவாகும்போதெல்லாம் திரும்பக் கொடுக்கலாம். அது அவர் எங்களுக்குக் கொடுத்த வாக்கு என்று நம்புகிறவளுக்கு, அந்த வாக்கைத் திரும்பக் கேட்பது அவரை நம்பாததாகத் தெரிகிறது. குழந்தையில் பெற்றவன் இருபது வயதில் மனம் திரும்பினால் அவனுக்குத் தேவையானது அழுது செபிப்பதும் பாவசங்கீர்த்தனமும். முழுக்கு ஏற்கெனவே முடிந்தது.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த கத்தோலிக்கத் தாதிமார் சிலர் இன்றும் வீட்டுக்கு வந்து கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். முதலில் தாயிடம் கேள், தாய்க்கு நினைவில்லாவிட்டால் தகப்பனிடம் கேள். அவர்கள் கேட்காத பிள்ளைக்குக் கை நீட்டாதே, மனதுக்குள் செபி. வைத்தியத்துக்குக் குறுக்கே நிற்காதே, டொக்டரின் கை விலகும் வரைக்கும் பொறு. தண்ணீர் வெறும் தண்ணீராக இருக்கட்டும், மருந்து கலந்ததை எடுக்காதே. மயிரில் இல்லாமல் தோலில் ஓடவிடு. ஊற்றுகிறவளே வார்த்தையையும் சொல்ல வேண்டும், ஒருத்தி ஊற்ற மற்றவள் சொன்னால் செல்லாது. பெயர் வைத்திராவிட்டால் பெயரில்லாமலும் கொடுக்கலாம். முன்பே யாராவது கொடுத்துவிட்டார்களோ என்ற சந்தேகம் இருந்தால், நீ இன்னும் பெறாவிட்டால் என்ற நிபந்தனையோடு சொல். நேரம், தேதி, தாய் தகப்பன் பெயர், பங்கு, சாட்சியின் பெயர் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே எழுது. மறுநாள் பங்குச் சுவாமிக்கு அறிவி. பிள்ளை பிழைத்தால் கோவிலுக்குக் கொண்டுபோகச் சொல், அங்கே எண்ணெயும் வெள்ளைத் துணியும் மெழுகுதிரியும் கொடுப்பார்கள், தண்ணீர் மறுபடி ஊற்ற மாட்டார்கள். பதிவேட்டில் ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் சுவாமியின் பெயரை எழுதப் பார்த்தால் மறித்துச் சொல். அந்த இடத்தில் உன் பெயர்தான் வர வேண்டும்.